தர்கஸ்னாவாவின் மூன்று வரி: கராபெல் கல்வெட்டு பிறந்த கதை

துருக்கியின் மேற்குப் பகுதியில், இஸ்மிர் நகரத்துக்குக் கிழக்கே, தோர்பலி, கெமல்பாஷா என்று இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் நடுவே மலை. அந்த மலையைச் சாலை கடக்கிற கணவாயின் பெயர் கராபெல். சாலையோரம் நின்று அண்ணாந்து பார்த்தால், பாறையின் முகத்தில் மாடம்போலக் குடைந்து, அதற்குள் ஆளைவிடப் பெரிய வீரன் ஒருவனைச் செதுக்கியிருப்பது தெரியும். தலையில் கூம்பு வடிவத் தொப்பி. உடம்பில் முழங்காலுக்கு மேலே நின்றுவிடும் குட்டை அங்கி. நுனி மேல்நோக்கி வளைந்த காலணி. தோளில் வில், முன்னே நீட்டிய கையில் ஈட்டி, இடையில் வாள். முகத்துக்கும் ஈட்டிக்கும் நடுவிலுள்ள சின்ன இடத்தில், மழையும் வெயிலும் தின்றது போக மிஞ்சிய மூன்று வரி எழுத்து.

இந்த மூன்று வரியை வைத்து உலகம் சொன்ன கதைகள் ஏராளம். எகிப்தியப் பேரரசன் ஒருவன் உலகத்தை வென்ற கதை என்றார்கள். டிராய்ப் போரில் சண்டையிட்ட எத்தியோப்பிய மன்னன் மெம்னோன் என்றார்கள். இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் எல்லோருக்கும் ஒரு பொது அம்சம் உண்டு: ஒருவருக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒருவர் 1998இல் படித்துச் சொன்னபோது, கல்லில் இருந்தது எல்லாக் கதைகளையும்விடச் சிறியது என்று தெரிந்தது. ஆனால் பண்டைய மேற்கு அனத்தோலியாவின் வரைபடத்தை நிலைநிறுத்த அந்தச் சிறிய செய்தியால்தான் முடிந்தது.

இடிந்த அரசு, பிறந்த நாடு

கல்வெட்டு பிறப்பதற்கு முன் அதைப் பொறித்தவனின் நாடு பிறக்க வேண்டும். அந்தக் கதை ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அனத்தோலியாவின் மேற்கில் அர்சாவா என்ற அரசு வலுவாக இருந்தது. அதன் தலைநகரம் அபாசா. பிற்காலத்தில் கிரேக்கர்களும் ரோமானியர்களும் வாழ்ந்த எபேசு நகரம் அதுதான் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கிழக்கே, நடு அனத்தோலியாவின் மேட்டுநிலத்தில், ஹட்டுஷா நகரத்திலிருந்து ஹிட்டைட் பேரரசர்கள் ஆண்டார்கள். இரண்டு அரசுகளுக்கும் ஒத்துப்போகவில்லை.

ஹிட்டைட் பேரரசன் இரண்டாம் முர்சிலி பட்டத்துக்கு வந்த மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அர்சாவாமீது படையெடுத்தான். அவனுடைய ஆண்டுக்குறிப்புகள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. இடிக் கடவுள் வானத்திலிருந்து ஏவிய ஆயுதம் அபாசாவில் விழுந்ததாகவும், அர்சாவா மன்னன் உஹாசித்தி நோயுற்று முழங்காலிட்டதாகவும் அதில் பெருமையாக எழுதியிருக்கிறான். உஹாசித்தி கடல் கடந்து தீவுகளுக்கு ஓடிப்போனான், அங்கேயே செத்தான்.

வென்ற நாட்டை முர்சிலி ஒரே துண்டாக வைத்திருக்கவில்லை. மறுபடி ஒரு பெரிய எதிரி எழுந்துவிடக்கூடாது என்று அதைப் பிரித்துத் தனக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்களிடம் கொடுத்தான். அப்படிச் சிற்றரசுகளானவை மீரா, சேஹா ஆற்று நாடு, ஹப்பல்லா ஆகியவை. மீராவை மஷுயிலுவா என்பவனுக்குக் கொடுத்தான். பெண்ணும் கொடுத்த உறவு: முர்சிலியின் சகோதரி முவாத்திதான் மஷுயிலுவாவின் மனைவி. அப்படியிருந்தும் சில ஆண்டுகளில் மஷுயிலுவா கலகம் செய்தான். முர்சிலி அவனை இறக்கிவிட்டு, அவனுடைய வளர்ப்பு மகன் குபந்த-குருந்தாவை அரியணையில் ஏற்றினான்.

குபந்த-குருந்தா நீண்ட காலம் ஆண்டான். கி.மு. 1259இல் எகிப்தின் இரண்டாம் ராம்செஸும் ஹிட்டைட் பேரரசனும் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை மிகப் புகழ்பெற்றது. அந்த உடன்படிக்கையைப் பற்றி மீரா மன்னன் குபந்த-குருந்தா நேரடியாக ராம்செஸுக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். ராம்செஸ் அனுப்பிய பதில் ஹட்டுஷாவின் காப்பகத்தில் கிடைத்தது. சிற்றரசன்தான், ஆனால் எகிப்துவரை கடிதம் எழுதும் சிற்றரசன்.

அடுத்த தலைமுறையில் அலந்தல்லி என்ற பெயர் வருகிறது. 1986இல் ஹட்டுஷாவில் அகழ்ந்தெடுத்த ஒரு வெண்கலப் பலகையில், பேரரசன் நான்காம் துதாலியா செய்த ஒரு உடன்படிக்கை முழுதாக இருக்கிறது. அதில் சாட்சிகளாக வரும் பெரியவர்களின் வரிசையில் மீரா நாட்டு அரசன் அலந்தல்லியும் ஒருவன்.

அலந்தல்லிக்கு அடுத்து வந்தவன்தான் தர்கஸ்னாவா. காலம் கி.மு. 13ஆம் நூற்றாண்டின் பின்பகுதி. கராபெல் பாறையில் ஈட்டியோடு நிற்பவன் இவன்.

ஏன் அந்த மலை?

மேற்கு அனத்தோலியாவின் ஆறுகள் கிழக்கிலிருந்து மேற்காக ஓடி ஏஜியன் கடலில் கலக்கின்றன. ஆறுகளுக்கு இடையே மலைத்தொடர்களும் அதே திசையில் நீள்கின்றன. எனவே பள்ளத்தாக்கு நெடுக நடப்பது எளிது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் மலையைக் கடக்க வேண்டும், அதற்குக் கணவாய் வேண்டும். தெற்கே அபாசாவின் பக்கத்து ஆற்றுச் சமவெளியிலிருந்து வடக்கே இன்றைய கெதிஸ் ஆற்றுச் சமவெளிக்குப் போகிறவர்களுக்கு இயல்பான வழி கராபெல்தான். வணிகர், தூதர், மந்தை ஓட்டுபவர், படை எல்லோருக்கும் அதே வழி.

அப்படிப்பட்ட இடத்தில் அரசன் தன் உருவத்தையும் பெயரையும் பொறிக்கிறான் என்றால் அதன் நோக்கம் வழிபாடு மட்டுமாக இருக்க முடியாது. வடக்கே சேஹா ஆற்று நாடு, தெற்கே மீரா. கணவாய்க்குள் நுழைகிறவன் யாருடைய மண்ணில் கால் வைக்கிறான் என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டும். தர்கஸ்னாவா அதைத்தான் செய்தான் என்று கருத நிறைய இடமிருக்கிறது.

எல்லைக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்ததற்குக் காலமும் காரணம். நான்காம் துதாலியாவின் நாட்களில் மேற்கில் அமைதி இல்லை. ஹட்டுஷாவிலிருந்து மேற்கு அனத்தோலியாவின் ஒரு அரசனுக்கு அனுப்பிய கடிதம் ஒன்று, பெறுநரின் பெயர் உடைந்த நிலையில், கிடைத்திருக்கிறது. மிலவாத்தா கடிதம் என்று அதைச் சொல்கிறார்கள். வால்மு என்ற, நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட விலுசா அரசனை மீண்டும் பதவியில் அமர்த்துவதுபற்றி அதில் பேச்சு வருகிறது. அந்தக் கடிதம் தர்கஸ்னாவாவுக்கு எழுதியது என்பது பல அறிஞர்களின் கருத்து. அப்படியானால், அக்கம்பக்கத்து நாடுகளின் சிக்கலில் பேரரசன் நம்பிக் கலந்துபேசும் ஆளாக அவன் இருந்திருக்கிறான்.

பாறையில் எழுதும் வழக்கம்

பாறையில் தன் உருவத்தைச் செதுக்கும் யோசனை தர்கஸ்னாவாவின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. அது மேலிடத்திலிருந்து வந்த வழக்கம். காலம் தெரிந்த ஹிட்டைட் பாறைச் சிற்பங்களில் மிகப் பழையது தெற்கே ஜெய்ஹான் ஆற்றங்கரையில் சிர்க்கெலியில் இருக்கிறது. பேரரசன் இரண்டாம் முவத்தல்லியின் உருவம் அது. பிறகு இளவரசர்களும் சிற்றரசர்களும் அதைப் பின்பற்றினார்கள். ஹெமிதே, ஹன்யெரி, ஹத்திப் போன்ற இடங்களில் வில்லும் ஈட்டியும் ஏந்திய வீரர்கள் இதே தோரணையில் நிற்கிறார்கள். கராபெல் வீரன் அந்தக் குடும்பத்தின் மேற்கு எல்லை உறுப்பினன். பேரரசனின் பாணியைச் சிற்றரசன் எடுத்துக்கொண்டான்; ஆனால் பட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கல்வெட்டில் தர்கஸ்னாவா தன்னை அரசன் என்கிறான், பேரரசன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

எழுத்தும் அப்படியே. ஹிட்டைட்டுகளிடம் இரண்டு எழுத்து முறைகள் இருந்தன. காப்பகங்களுக்கும் கடிதங்களுக்கும் மெசபொத்தேமியாவிலிருந்து வந்த ஆப்பெழுத்து. அது ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதும் எழுத்து. அதைப் படிப்பவர்கள் பயிற்சி பெற்ற எழுத்தர்கள். முத்திரைகளுக்கும் ஊரறியப் பாறையில் பொறிப்பதற்கும் வேறொரு எழுத்து: மனிதத் தலை, கை, கால், விலங்கு, பறவை, மலைச்சிகரம் என்று படங்களாலான அனத்தோலியச் சித்திர எழுத்து. அந்தப் படங்களில் சில ஒரு முழுச் சொல்லைக் குறிக்கும். சில ஒரு அசையை மட்டும் குறிக்கும். ஒரு வரி இடமிருந்து வலமாகவும் அடுத்த வரி வலமிருந்து இடமாகவும் போகும். விலங்கின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். அதில் எழுதப்பட்ட மொழி லூவியன். ஹிட்டைட் மொழியின் நெருங்கிய உறவு, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று. அனத்தோலியாவின் தெற்கிலும் மேற்கிலும் மக்கள் பேசியது அதைத்தான்.

இரும்பு அரிதாக இருந்த காலம். வெண்கல உளியும் கல் சுத்தியலும்தான் கருவிகள். கராபெலில் எழுத்தை உள்ளே வெட்டவில்லை. சுற்றியுள்ள பாறையைக் குறைத்து, உருவத்தையும் எழுத்தையும் புடைத்து நிற்கவிட்டார்கள். வெட்டி எழுதுவதைவிட இது கடினமான வேலை. குழியெழுத்தில் தேய்மானம் வந்தாலும் அடித்தடம் மிஞ்சும். புடைப்பெழுத்தில் மேற்பரப்பு போனால் எழுத்தே போய்விடும். பிற்காலத்தில் இந்த மூன்று வரியைப் படிக்க முயன்றவர்களை அலைக்கழித்தது இந்தத் தேய்மானம்தான்.

ஹெரோடோட்டஸ் சொன்ன கதை

தர்கஸ்னாவாவுக்குப் பிறகு அவன் உலகம் நீண்ட நாள் நிற்கவில்லை. கி.மு. 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹிட்டைட் பேரரசு சரிந்தது, ஹட்டுஷா கைவிடப்பட்டது. அனத்தோலியாவின் தென்கிழக்கிலும் வட சிரியாவிலும் லூவியன் சித்திர எழுத்து இன்னும் சுமார் 500 ஆண்டுகள் வாழ்ந்தது. மேற்கில் அதைப் படிக்கிறவர்கள் இல்லாமல் போனார்கள். ஏஜியன் கரையில் கிரேக்கர்கள் குடியேறினார்கள். கணவாய் அதே கணவாய்தான், ஆட்கள் மாறினார்கள்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில், அதே கடற்கரையின் ஹலிகர்னாசஸ் ஊரில் பிறந்த ஹெரோடோட்டஸ் தன் வரலாற்று நூலின் இரண்டாம் பகுதியில் எகிப்தைப் பற்றி எழுதினார். செசோஸ்ட்ரிஸ் என்ற எகிப்திய மன்னன் ஆசியா முழுவதையும் வென்றதாகவும், வென்ற இடங்களில் அடையாளம் நாட்டியதாகவும் அவர் சொல்கிறார். செனுஸ்ரெத் என்ற பெயரில் ஆண்ட பழைய எகிப்திய அரசர்களின் நினைவோடு பிற்காலக் கற்பனையும் கலந்து உருவான பாத்திரம் இந்த செசோஸ்ட்ரிஸ். அவன் வெற்றிக்குச் சான்றாக ஐயோனியாவில் பாறையில் செதுக்கிய இரண்டு உருவங்கள் இருக்கின்றன என்று ஹெரோடோட்டஸ் இடத்தையும் குறிப்பிடுகிறார்: ஒன்று எபேசிலிருந்து ஃபொகையாவுக்குப் போகும் வழியில், மற்றது சர்தையிலிருந்து சிமிர்னாவுக்கு, அதாவது இன்றைய இஸ்மிருக்கு, போகும் வழியில். நாலரை முழ உயரம், ஈட்டி, வில், பாதி எகிப்திய, பாதி எத்தியோப்பிய உடை என்று வர்ணனை தொடர்கிறது. மார்பின் குறுக்கே ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை எகிப்தின் புனித எழுத்தில் ஒரு வாசகம் இருப்பதாகவும், தன் தோள் வலிமையால் இந்த நாட்டை வென்றதாக அந்த மன்னன் அதில் சொல்வதாகவும் எழுதுகிறார்.

கராபெல் வீரனைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் விவரங்கள் நழுவுகின்றன. ஈட்டியும் வில்லும் கை மாறி நிற்கின்றன. எழுத்து மார்பில் இல்லை, முகத்துக்கு முன்னால் இருக்கிறது. எழுத்து எகிப்தியதும் அன்று. கேள்விப்பட்டதை எழுதினாரோ, பார்த்ததை நெடுநாள் கழித்து நினைவுகூர்ந்தாரோ, வாசகம் மட்டும் யாரோ சொல்லிக் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் சுவையான இடம் வேறு. இந்த உருவம் தான் யார், எங்கிருந்து வந்தவன் என்பதை இங்கே சொல்லவில்லை, வேறு இடங்களில்தான் சொல்லியிருக்கிறது என்று ஹெரோடோட்டஸ் ஒரு குறிப்பும் சேர்க்கிறார். அந்த மூன்று வரியில் இருந்தது அது ஒன்றுதான்: தான் யார், யாருடைய மகன், எந்த நாட்டவன். வெற்றி, தோள்வலி, வீரம் எதுவும் அதில் இல்லை. கல் சொல்லாததை எல்லாம் அவர் சொன்னார். கல் சொன்ன ஒன்றைச் சொல்லவில்லை என்றார்.

எகிப்தை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. எகிப்திய மன்னன் என்று நினைத்த அந்த உருவத்தின் முன்னோன் ஒருவன் எகிப்திய மன்னனோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தான். அதை அறிய ஹெரோடோட்டஸுக்கு வழியில்லை. அந்தக் கடிதத்தின் நகல் அவர் பிறப்பதற்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டது.

கழுதைத் தலையும் வெள்ளி முத்திரையும்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகள் ஹெரோடோட்டஸைக் கையில் வைத்துக்கொண்டு கணவாய்க்கு வரத் தொடங்கினார்கள். 1839இல் பிரெஞ்சுக்காரர் சார்ல் தெக்சியே வந்தார். எகிப்தியவியலின் முன்னோடிகளில் ஒருவரான ஜெர்மானியர் லெப்சியஸ் இதைச் செசோஸ்ட்ரிஸ் நினைவுச்சின்னம் என்றே ஏற்றுக்கொண்டார். புவியியலாளர் கீப்பெர்ட் எகிப்தியப் பாணி இதில் இல்லையென்று மறுத்தார். சண்டை நீண்டது. இருவருக்கும் எழுத்து புரியவில்லை.

திருப்பம் 1879இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் சேஸ், வழிப்பறிக் கூட்டங்கள் உலவிய காலமாகையால் ஆயுதக் காவலோடு கராபெலுக்குப் போய் எழுத்துகளை நேரில் பார்த்தார். சிரியாவின் ஹமா நகரத்துக் கற்களில் இருந்த புரியாத சித்திர எழுத்துகளோடு இவற்றின் சாயல் ஒத்துப்போனது. விவிலியத்தில் ஏத்தியர் என்று வருகிற ஹிட்டைட் மக்களின் எழுத்து இது, அவர்களுடைய ஆட்சி ஏஜியன் கடற்கரைவரை எட்டியிருக்கிறது என்று 1880இல் அறிவித்தார். ஒரு காலத்தில் பாலஸ்தீனத்துச் சிறு குலமாக எண்ணப்பட்டவர்கள் திடீரென்று ஒரு பேரரசாக மாறினார்கள். அந்த மாற்றத்துக்கு ஆதாரங்களில் ஒன்றாகக் கராபெல் நின்றது.

எழுத்தின் ஓசையைத் திறக்க ஒரு சாவியும் அதே சமயத்தில் சேஸின் கவனத்துக்கு வந்தது: உள்ளங்கையில் அடங்கும் வட்டமான வெள்ளி முத்திரை. சிமிர்னாவில் வாங்கப்பட்ட அது 1860வாக்கில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்பனைக்கு வந்தது. அப்படி ஒன்றை யாரும் அதுவரை பார்த்ததில்லை. போலி என்று சந்தேகப்பட்டு மியூசியம் வாங்கவில்லை. நல்ல வேளையாக ஒரு நகல் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. முத்திரையின் நடுவே நீண்ட அங்கி அணிந்த ஓர் உருவம், அதன் இரு பக்கமும் சித்திர எழுத்து. சுற்றிலும் விளிம்பில் ஆப்பெழுத்து. ஒரே செய்தி இரண்டு எழுத்துகளில். ஆப்பெழுத்தை ஓரளவு படிக்கத் தெரிந்திருந்ததால், அரசனைக் குறிக்கும் கூம்பு அடையாளத்தையும் நாட்டைக் குறிக்கும் இரட்டைச் சிகர அடையாளத்தையும் சேஸ் சரியாகக் கண்டுபிடித்தார்.

பெயரில்தான் சறுக்கல். ஆப்பெழுத்தில் சில குறிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகள் உண்டு. பிற்காலத்தில் கிலிக்கியாவில் ஆண்ட தர்கொண்டிமோட்டோஸ் என்ற பெயரின் சாயலில் அதைப் படித்தார்கள். முத்திரையின் பெயரே 'தர்கொண்டெமோஸ் முத்திரை' என்று நிலைத்துவிட்டது. போலி என்று தள்ளப்பட்ட அந்த முத்திரை இன்று அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்தின் வால்டர்ஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எழுத்து திறந்துகொள்ள நூறாண்டு ஆயிற்று. 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி ஆப்பெழுத்து ஹிட்டைட் மொழியைப் புரிந்துகொண்டார். 1946இல் துருக்கியின் தெற்கே கரத்தெப்பெயில், ஒரே செய்தியைப் பினீஷிய மொழியிலும் லூவியன் மொழியிலும் சொல்லும் நீண்ட கல்வெட்டு வெளிப்பட்டது. ஹெல்முத் போசெர்ட்டும் ஹலெத் சாம்பெலும் அதை வெளிக்கொண்டுவந்தார்கள். 1970களில் டேவிட் ஹாக்கின்ஸ், அண்ணா மார்புர்கோ டேவிஸ், குந்தர் நோய்மன் மூவரும் சேர்ந்து, அடிக்கடி வரும் சில குறிகளை அதுவரை எல்லோரும் தவறாக ஒலித்துவந்ததைக் காட்டித் திருத்தினார்கள். அதன் பிறகுதான் லூவியன் கல்வெட்டுகள் ஒழுங்காக வாய்விட்டுப் படிக்கும் நிலைக்கு வந்தன.

இதற்கிடையே ஹட்டுஷாவில் அகழ்வாளர்கள் ஆயிரக்கணக்கான களிமண் முத்திரைப் பதிவுகளைத் தோண்டி எடுத்தார்கள். ஆவணங்களைக் கட்டிய கயிற்றின்மேல் களிமண் உருண்டையை அழுத்தி முத்திரை குத்துவார்கள். ஆவணம் அழிந்துபோனாலும் உருண்டை மிஞ்சும். அவற்றில் சிலவற்றில் வெள்ளி முத்திரையில் இருந்த அதே பெயர் இருந்தது. பெயரின் முதல் குறி ஒரு விலங்கின் தலை, கழுதைத் தலை. அந்த விலங்குக்கு அனத்தோலிய மொழியில் தர்கஸ்னா. வெள்ளி முத்திரையின் விளிம்பு ஆப்பெழுத்தும் அதையே உறுதிசெய்தது: தர்கஸ்னாவா, மீரா நாட்டு அரசன்.

இந்தப் பெயரோடு ஹாக்கின்ஸ் கராபெல் பாறைக்குத் திரும்பினார். முதல் வரியின் தேய்ந்த குறிகளில் அதே கழுதைத் தலை தெரிந்தது. 1998இல் அவர் வெளியிட்ட வாசிப்பின்படி மூன்று வரியின் சாரம் இவ்வளவுதான்: மீரா நாட்டு அரசன் தர்கஸ்னாவா, அவன் மீரா நாட்டு அரசனின் மகன், மீரா நாட்டு அரசனின் பேரன். தந்தையின் பெயர் ஒரு பறவைக் குறியில் தொடங்குகிறது. அதை அலந்தல்லி என்று ஹாக்கின்ஸ் கொண்டார். பாட்டனின் பெயர் இருந்த இடம் சிதைந்துவிட்டது. வரலாற்றுக் கணக்கில் அந்த இடத்துக்குப் பொருந்துகிறவன் ராம்செஸுக்குக் கடிதம் எழுதிய குபந்த-குருந்தா.

சின்ன வாசகம், பெரிய வரைபடம்

மெய்க்கீர்த்தி இல்லை, போர் இல்லை, சாபம் இல்லை. பெயரும் வம்சமும் நாடும் மட்டும். முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஹிட்டைட் ஆய்வாளர்களுக்கு நாட்டின் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

காரணம் இது. ஹட்டுஷாவின் களிமண் பலகைகளில் மேற்கு நாடுகளின் பெயர்கள் நிறைய உண்டு: மீரா, சேஹா ஆற்று நாடு, விலுசா, மிலவாத்தா. எது எதற்குப் பக்கம் என்பதும் தெரியும். இவற்றை நிலத்தில் எங்கே வைப்பது என்பதில்தான் பல தலைமுறைச் சண்டை. ஒவ்வொருவர் வரைபடத்திலும் நாடுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. களிமண் பலகையை எங்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்; வெள்ளி முத்திரையும் கை மாறி ஊர் மாறும். மலைப்பாறையை நகர்த்த முடியாது. கராபெலில் மீரா அரசன் தன் பெயரைப் பொறித்திருக்கிறான் என்றால், மீரா கராபெல்வரை வந்திருக்கிறது. அந்த ஒரு ஆணி இறங்கியதும் மற்ற நாடுகளும் வரிசையாக இடம் பிடித்தன. அர்சாவாவின் நடுப்பகுதியை மீரா ஆண்டது, தலைநகரம் எபேசில். கணவாய்க்கு வடக்கே சேஹா ஆற்று நாடு. அதற்கும் வடக்கே விலுசா. கிரேக்கர் இலியோஸ் என்றழைத்த டிராய் நகரத்தோடு அதை இணைக்கும் கருத்துக்குக் கராபெல் வாசிப்பு பெரிய வலுச் சேர்த்தது.

தெற்கு எல்லைக்கும் விரைவில் ஒரு துணை கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தொல்லியலாளர் அன்னலீசே பெஷ்லோ-பிண்டொகாட், பழைய லத்மோஸ் மலையான பெஷ்பர்மாக் மலையின் சுரத்கயா என்ற பாறையில் லூவியன் சித்திர எழுத்துகளைக் கண்டார். குபந்த-குருந்தாவின் பெயரோடு ஒரு பெரிய இளவரசன் அங்கே வருகிறான். மீரா நாட்டின் பெயரும் உண்டு. வடக்கே கராபெல், தெற்கே லத்மோஸ் என்று மீராவின் பரப்பை மலைகளே சொல்லத் தொடங்கின.

தர்கஸ்னாவா தன் கணவாயில் ஒரே ஒரு கல்லை மட்டும் விட்டுப்போகவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சற்றுத் தள்ளி இதேபோல இன்னொரு வீரனின் உருவம் இருந்தது. பெர்கமோன் பலிபீடத்தைக் கண்டெடுத்த கார்ல் ஹூமன் அதை வரைந்திருக்கிறார். ஹெரோடோட்டஸ் சொன்ன இரண்டு உருவங்கள் இவையாக இருக்கலாம். வேறு பாறைகளில் சிறு எழுத்துத் தொகுதிகள் இரண்டும் இருந்தன. 1977க்கும் 1982க்கும் இடையே கணவாய்ச் சாலையை விரிவாக்கியபோது இவை அத்தனையும் அழிந்தன. இன்று மிஞ்சியிருப்பது கோட்டோவியங்களும் பழைய படங்களும். வாசிப்பு வெளிவந்தது 1998இல். சாலை அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே முந்திக்கொண்டது. பாட்டனின் பெயரோ வேறொரு மீரா இளவரசனின் பெயரோ அந்தப் பாறைகளில் இருந்திருந்தால், அதைச் சரிபார்க்க இனி கல் கிடையாது.

மிஞ்சிய ஒன்றும் தப்பவில்லை. 2019இல் புதையல் தேடிகள் கராபெல் வீரனைச் சிதைத்த செய்தி வந்தது. பழைய எழுத்து இருக்கும் பாறைக்குப் பின்னால் பொன் இருக்கும், குறிகள் அந்த இடத்தைக் காட்டும் என்பது அனத்தோலியாவின் புதையல் தேடிகளிடையே பரவிய நம்பிக்கை. உலகத்தை வென்ற செசோஸ்ட்ரிஸைப் பார்த்தவர்களும் பொன் மறைத்த இடத்தைப் பார்த்தவர்களும் செய்தது ஒரே காரியம்: படிக்க முடியாத எழுத்துக்குத் தங்கள் ஆசையைப் பொருளாக எழுதிக்கொண்டார்கள். முந்தையவர்களின் ஆசை நூலில் ஏறியது, கல்லுக்குச் சேதமில்லை. பிந்தையவர்களின் ஆசை உளியோடு வந்தது.

தன் எழுத்தில் பொன்னைப் பற்றி தர்கஸ்னாவா எதுவும் சொல்லவில்லை. தகப்பன் பெயர், பாட்டன் பெயர், நாட்டின் பெயர் சொன்னான். மீரா என்ற அந்தப் பெயரை 3,200 ஆண்டு கழித்து வரைபடத்தில் சரியான இடத்தில் வைக்க முடிந்தது என்றால், அவன் கணவாயில் செய்ய நினைத்த வேலை தாமதமாக, ஆனால் முழுதாக முடிந்திருக்கிறது. இனி அந்தக் கல்லைக் காப்பது தொல்லியல் துறையின் பொறுப்பு. அங்கே புதையல் இல்லை என்று ஊருக்கு எடுத்துச் சொல்வதும் அந்தக் காவலில் ஒரு பகுதி.